யாரைக் கேட்டுக் குத்தினாய்?

தீபாவளி விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைக்கும் உரிமையை மட்டும் என் மகள் இன்னும் எனக்கு விட்டுவைத்திருக்கிறாள். இருபத்தெட்டு வயது, பெங்களூரில் வேலை, தனி வீடு, தனிச் சமையல். ஆனாலும் அன்றைக்கு ஒருநாள் மணைப்பலகையில் வந்து சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடுவாள். போன தீபாவளிக்கும் உட்கார்ந்தாள். உச்சியில் மூன்று சொட்டு வைத்து, பிடரிக்கு இறங்கி, தோள்பட்டைக்கு வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. வலது தோள்பட்டைக்குப் பின்னால், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு நாய்க்கால் தடம்.

"என்னடி இது?"

"டாட்டூம்மா."

எண்ணெய்க் கையாலேயே தேய்த்துப் பார்த்தேன். போகாது என்று தெரிந்தும் இன்னொரு தரம் தேய்த்தேன்.

"யாரைக் கேட்டுக் குத்துன?"

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, இடது மணிக்கட்டைப் பார்த்தாள். குளிக்கப் போகிற நேரம் என்பதால் அதில் வாட்ச் இல்லை.

"நீ யாரைக் கேட்டும்மா குத்துன?"

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். பதில் இருக்கிறது, ஆனால் அது யாருக்குச் சாதகம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் புலப்படவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது.

1969, மாசி மாதம். உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊர். களத்துவேலை ஓய்ந்து வீட்டுக்கு வீடு தானியம் கிடக்கும் நேரம் பார்த்துத்தான் அவர்கள் வருவார்கள். குறவர் சனத்துப் பெண்கள், இரண்டு பேரோ மூன்று பேரோ, தலையில் ஓலைக்கூடை, இடுப்பில் கைப்பிள்ளை. "பச்சை குத்தலையோ பச்சை" என்ற குரல் தெருமுனையில் கேட்டால் நாங்கள் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். அந்த வருஷம் என் முறை. அப்பத்தா என்னை இழுத்துவந்து திண்ணையில் உட்காரவைத்தாள். அம்மா காலைப் பிடித்துக்கொண்டாள், அத்தை தோளை.

குத்துகிறவள் முதலில் ஒரு குச்சியை மையில் தொட்டுக் கையில் படம் எழுதினாள். கூச்சமாக இருந்தது, சிரித்தேன். பிறகு, நூலால் சேர்த்துக் கட்டிய மூன்று ஊசிகளை எடுத்தாள். சிரிப்பு நின்றது. குத்தக் குத்த ராகம் போட்டுப் பாடிக்கொண்டே இருந்தாள். நான் அலற அலற அவள் குரலும் ஏறியது. அந்தப் பாட்டு என்னைத் தேற்றுவதற்கா, என் சத்தத்தை அமுக்குவதற்கா என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. முடிந்ததும் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினாள். கூலி இரண்டு படி கம்பு, ஒரு பழைய சேலை, ஒரு கை மிளகாய். அதே ஊசிகளோடு அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போனாள். ஊசியைக் கொதிக்கவைக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மஞ்சட்காமாலையும் இன்னபிறவும் ஒரே ஊசி வழியாக ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவர் ரத்தத்துக்குப் போகும் என்பதை நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் படித்தேன்.

என் கையில் வந்து உட்கார்ந்தது ஒரு தேள். கொடுக்கைத் தூக்கியபடி, மணிக்கட்டிலிருந்து முழங்கையைப் பார்த்து ஏறுகிற தேள். "தேளைக் குத்திக்கிட்டா தேள் கொட்டாது" என்றாள் அப்பத்தா. கல்லும் முள்ளுமாகக் கிடக்கும் எங்கள் மானாவாரிக் காட்டில் அது ஒரு தடுப்பூசி மாதிரி. பிற்பாடு என்னை இரண்டு தடவை தேள் கொட்டியது. அப்பத்தா அசரவில்லை. "குத்தாம இருந்திருந்தா நாலு தடவ கொட்டியிருக்கும்" என்று முடித்துவிட்டாள்.

மதராஸ் அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1906இல் வெளியான தன் நூலில் இந்த மையின் பக்குவத்தை எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள்பொடியையும் அகத்தி இலையையும் சேர்த்துத் தேய்த்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிக்க வேண்டும். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்தால் உட்புறம் கரி படியும். அதைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. எங்கள் ஊருக்கு வந்தவர்களின் இடுப்பில் எப்போதும் ஒரு கைப்பிள்ளை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று படித்தபோது நினைத்துக்கொண்டேன். ஆக, உள்ளே போவது கரிதான், சுத்தக் கறுப்பு. தோலுக்கு அடியில் போன பிறகு அதன் மேல் விழும் வெளிச்சத்தைத் தோல் சிதறடித்து அனுப்புவதால் நமக்கு நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. நம் சனம் ஊசிக்குப் பெயர் வைக்கவில்லை, கரிக்குப் பெயர் வைக்கவில்லை. கடைசியில் கண்ணுக்குத் தெரிந்த நிறத்துக்குப் பெயர் வைத்தது.

அப்பத்தாவின் கைகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரண்டு முன்கையிலும் புள்ளிக்கோலம், அதன் நடுவே மீன், முழங்கைக்குக் கீழே ஒரு பூந்தொட்டி, தாடையில் ஒற்றைப் புள்ளி. வலது கையில் மட்டும் நாலு எழுத்து. அது தாத்தாவின் பெயர். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. குடிக்கணக்கு எடுக்க வருகிறவரோ ரேஷன் கார்டுக்கு எழுத வருகிறவரோ "வீட்டுக்காரர் பேரு?" என்று கேட்டால் ஒன்றும் பேசாமல் கையை நீட்டுவாள். அவர்களும் குனிந்து படித்து எழுதிக்கொள்வார்கள். அதில் ஒரு எழுத்தைக் குத்துகிறவள் தலைகீழாகக் குத்திவிட்டிருந்தாள். எழுத்துத் தெரியாதவள், எழுத்துத் தெரியாதவளுக்கு, யாரோ எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துக் குத்தியது. அந்தத் தலைகீழ் எழுத்தோடுதான் அப்பத்தா எழுபத்தாறு வயது வரை வாழ்ந்தாள். "நகையும் நட்டும் இங்கதான் கெடக்கும். செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்" என்று கையைத் தடவிக்கொள்வாள். சொன்னபடியே, கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றிவிட்டுத்தான் அவளைத் தூக்கிப்போனார்கள். கையில் இருந்தது கூடப் போனது.

என் தங்கைக்குப் பச்சை குத்தவில்லை. எனக்கும் அவளுக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். அந்த ஐந்து வருஷத்துக்குள் என்னவோ ஆகிவிட்டது. "படிக்கிற புள்ளைக்கு எதுக்கு இந்தக் கருமம்" என்று அப்பா ஒரே வார்த்தையில் சொன்னார், அப்பத்தாவும் முணுமுணுத்துவிட்டு அடங்கிவிட்டாள். இதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, யாரும் மேடை போட்டு எதிர்த்துப் பேசவில்லை. ஊருக்குப் பஸ் வந்தது, உயர்நிலைப்பள்ளி வந்தது, பச்சை போய்விட்டது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும் கையைப் பார்த்தே ஊரையும் சனத்தையும் சொல்லிவிடுகிறவர்கள் அன்று நிறையப் பேர். படித்து வெளியே போக நினைத்த பிள்ளைகளுக்கு அது வேண்டாத முகவரிச் சீட்டு.

எனக்கோ சீட்டு ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது. பத்தாம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு அங்க அடையாளம் எழுதும்போது, மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மச்சத்தையும் தழும்பையும் தேடிய ஆசிரியர், எனக்குத் தேடவே இல்லை. இடது மணிக்கட்டில் பச்சைக்குறி என்று எழுதிவிட்டார். பிளஸ் டூ புதிதாக வந்த காலம். அதன் முதல் செட்டில் நானும் ஒருத்தி. மேல்படிப்புக்கு மதுரைக்குப் போனேன். விடுதியில் முதல் வாரமே ஒருத்தி என் கையைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினாள். அவள் கெட்டவள் இல்லை, அப்புறம் சிநேகிதியும் ஆனாள். ஆனால் அந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் அப்பாவிடம் அடம்பிடித்து ஓர் எச்.எம்.டி. வாட்ச் வாங்கிக்கொண்டேன். வார் அகலமாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். அப்படியும் கொடுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். எந்த ஊருக்கு மாறிப்போனாலும் இரண்டே வாரத்தில் பிள்ளைகளுக்கு நான் 'தேள் டீச்சர்'. சர்க்கார் என்னை அடையாளம் வைத்துக்கொண்டதும், பிள்ளைகள் வைத்துக்கொண்டதும், நான் மறைக்கப் பார்த்ததும் ஒன்றே.

கல்யாணமாகிப் போன வீடு மதுரை டவுனுக்குள். என் மாமியார் நல்ல மனுஷி, அதட்டிப் பேசமாட்டார். மறுவீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பக்கத்தில் உட்காரவைத்து, "முழுக்கை ஜாக்கெட் தைச்சுக்கம்மா, ஒனக்கு எடுப்பா இருக்கும்" என்றார். மதுரை வெயிலில் முழுக்கை ஜாக்கெட் யாருக்கு எடுப்பாக இருக்கும்? தைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்தத் தீபாவளிக் காலையில் என் வாயிலிருந்து வந்தது என் அம்மாவின் குரல் இல்லை, அப்பத்தாவின் குரலும் இல்லை. என் மாமியாரின் குரல்.

ஆம்பிளைகள் கதை வேறு. அவர்கள் பச்சையை விடவே இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகை மணலில் பச்சை குத்துகிறவர்கள் வரிசையாகக் கடை விரித்திருப்பார்கள். படங்கள் ஒட்டிய அட்டை, பக்கத்தில் ஒரு பேட்டரி, ரீங்கரிக்கிற சின்ன மெஷின். எடிசன் எழுதுவதற்காகச் செய்த மின்சாரப் பேனாவைப் பார்த்து, சாமுவேல் ஓரைலி என்பவர் நியூயார்க்கில் 1891இல் காப்புரிமை வாங்கிய யோசனைதான் அது. அது எப்படியோ சுற்றிவந்து வைகை மணலில் உட்கார்ந்துகொண்டது. விடலைப் பையன்கள் காதலியின் முதலெழுத்தைக் குத்திக்கொள்வார்கள். அந்த எழுத்தில் பெயர் ஆரம்பிக்கும் இன்னொரு பெண்ணை வீட்டில் பார்த்துக் கட்டிவைத்த கதையும் எங்கள் தெருவில் உண்டு.

கட்சி அதைவிடப் பெரிய காதல். எம்.ஜி.ஆர். தன் தொண்டர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது என் பெரிய மாமா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். கறுப்பும் சிவப்பும், நடுவே வெள்ளையில் அண்ணாவும் இருக்கிற கொடி. மாமா கையில் எல்லாமே ஒரே பச்சை. அண்ணாவின் நீட்டிய விரல் மட்டும் மாமா இளைக்க இளைக்கக் கொஞ்சம் கோணிப்போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. 2016 பிப்ரவரியில், ஜெயலலிதாவின் 68ஆவது பிறந்தநாளுக்காகச் சென்னையில் நூற்றுக்கணக்கானவர்களை வரிசையில் உட்காரவைத்து அவர் படத்தைக் கையில் குத்தினார்களே, அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும் எங்கள் வீட்டில் யாரும் பதறவில்லை. தலைவருக்காகக் குத்தினால் விசுவாசம், தனக்காகக் குத்தினால் திமிர். பெண் குத்தினால் இரண்டு மடங்குத் திமிர்.

மகள் தன் கைப்பேசியில் வீடியோ காட்டினாள். கடையில் எடுத்ததாம். பல் டாக்டர் நாற்காலி மாதிரி ஒரு சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் வெள்ளை விளக்கு. தாடி வைத்த ஒரு பையன் கறுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு, ஒட்டிய பாக்கெட்டை அவள் கண்ணெதிரே கிழித்து ஊசியை எடுக்கிறான். படத்தைத் தாளில் அச்செடுத்துத் தோலில் ஒட்டி உரிக்கிறான். அதன்மேல் மெஷின் போகிறது. அவள் குப்புறப் படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள், காதில் ஒயர் இல்லாத அந்தச் சின்னக் கருவியை மாட்டியபடி. (பாட்டு மட்டும் மாறவில்லை என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்குக் குத்துகிறவள் பாட வேண்டியிருந்தது.) முடிந்ததும் துடைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைத் தோல் மாதிரியே ஒட்டிவிட்டார்கள். கூலி சதுர அங்குலக் கணக்கு. எத்தனை சின்னதானாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டாம். அவள் கொடுத்தது மூவாயிரத்து ஐந்நூறு. இரண்டு படி கம்பு என்று நான் சொன்னதும், "எந்தக் கம்பும்மா, சோளக்கம்பா?" என்று சிரித்தாள்.

வீடியோவில் நான் நிறுத்தச் சொல்லிப் பார்த்தது வேறொன்றை. ஆரம்பத்தில் அவளிடம் ஒரு படிவம் கொடுக்கிறார்கள். பெயர், வயதுச் சான்று, ஒவ்வாமை உண்டா, சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, இது நிரந்தரம் என்று தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டு, கடைசியில் கையெழுத்துப் போடுகிறாள். எனக்கு அந்த ஒரு காட்சி போதுமானதாக இருந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் மெஷினில் இல்லை, கையுறையில்கூட இல்லை. அன்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள், பிள்ளை அழுதது. இன்று பிள்ளை முடிவெடுக்கிறது, பெரியவர்கள் அழுகிறோம். அதே தோல்தான், பட்டா மட்டும் கை மாறிவிட்டது.

இதை நான் அன்றே ஒத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளி முழுக்கச் சண்டைதான். பலகாரத்தட்டு நடுவில் இருக்க, குசுகுசுவென்று சண்டை, அவள் அப்பா காதில் விழாமல்.

முதலில் கல்யாணப் பேச்சை எடுத்தேன். பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றேன். "தோள்பட்டைக்குப் பின்னால பாக்கிற அளவுக்கு வர்றவன் நெனச்சா நெனச்சுக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் அந்த வழியில் போக எனக்கு வாய் வரவில்லை. அடுத்து வேலை. இதில் எனக்குக் கையில் சான்று இருந்தது. என் அண்ணன் மகன் ராணுவத்துக்குப் போக இரண்டு வருஷம் ஓடி ஓடி உடம்பைத் தேற்றினான், நடுவில் கழுத்தில் ஒரு சிறகைக் குத்திக்கொண்டு வந்தான். ராணுவத்தில் முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் அனுமதி. வேறு இடத்தில் பச்சை இருந்தால் எடுக்கமாட்டார்கள். தங்கள் வழக்கப்படி குத்திக்கொள்ளும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு. துணை ராணுவப் படைகளில் சல்யூட் அடிக்காத இடது முன்கையில் குத்தலாம், அதுவும் அந்தப் பாகத்தில் கால்வாசிக்குள் அடங்க வேண்டும். அண்ணன் மகன் இப்போது லேசர் செய்துகொள்கிறான். ஒருமுறை போனால் தீராது, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கறுப்பு சீக்கிரம் மங்குமாம், பச்சையும் வெளிர்நீலமும்தான் பிடிவாதம் பிடிக்குமாம். குத்தியதற்குக் கொடுத்ததைப் போல இதுவரை பல மடங்கு கொடுத்துவிட்டான். "ஒனக்கும் நாளைக்கு இப்படி ஆனா?" என்றேன். "நான் எந்தப் பட்டாளத்துக்கும்மா போறேன்? கோடு எழுதுற எடத்துல என் முதுக எவன் பாக்கிறான்?" அவள் ஆபீஸில் மேலாளருக்கே இரண்டு கையிலும் இருக்கிறதாம்.

உடம்புக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். அதில் உண்மையும் உண்டு. பச்சை குத்தி ஓராண்டு ஆகும்வரை ரத்ததானம் செய்ய விடமாட்டார்கள். எட்டு தடவை ரத்தம் கொடுத்தவள், இந்த வருஷம் கொடுக்க முடியவில்லை என்பது அவளுக்கே கொஞ்சம் வருத்தம்தான். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் பையன்களுக்கு நாக்கைப் பிளந்துவிட்டார்கள் என்று போலீஸ் பிடித்ததே, கடைக்கும் சீல் வைத்தார்களே, அந்தச் செய்தியை நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். "அப்பவே எனக்குச் சந்தேகம், ஒங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சோன்னு" என்றாள். தெரியாமல் போட்டதுதான். அவள் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே குத்தியிருந்தாள், தீபாவளி முடிந்து ஊர் திரும்பிய கையோடு. அடுத்த தீபாவளி வரை கிட்டத்தட்ட ஒரு வருஷம் என் கண்ணில் படாமல் வைத்திருந்திருக்கிறாள்.

கடைசியாக, நம் பண்பாடு இல்லை என்றேன். சொல்லும்போதே என் மணிக்கட்டில் தேள் நெளிந்தது. இந்த இடத்தில் மகள் பக்கத்து ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சங்க காலத்திலேயே நம் பெண்கள் தொய்யில் எழுதிக்கொண்டார்கள், டாட்டூ தமிழன் கண்டுபிடித்தது என்று இப்போது அடித்து விடுகிறார்கள். தொய்யில் என்பது தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதும் கோலம். குளித்தால் போய்விடும், மறுநாள் திரும்ப எழுதலாம். அதற்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. பச்சைக்குப் பெருமை தேடச் சங்கத்துக்குப் போக வேண்டாம். கூடையோடு வெயிலில் நடந்துவந்த அந்தப் பெண்களிடம் போனால் போதும். அவர்கள் பெயரை நாங்கள் யாரும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பேத்திமார் யாருக்காவது அந்தக் கோலங்கள் இன்னும் கைவருமா என்று மகளின் கடைக்காரப் பையனிடம் கேட்கச் சொன்னேன். அவன் எல்லாப் படத்தையும் இன்ஸ்டாகிராமில் எடுக்கிறானாம்.

இத்தனை காரணத்தையும் அடுக்கிவிட்டுப் பார்த்தால், ஒன்றுகூட என் மனசில் உள்ள காரணம் இல்லை. கல்யாணம், வேலை, உடம்பு, பண்பாடு எல்லாம் நான் தேடி எடுத்துவந்தவை. உள்ளே இருந்தது ஒன்றுதான். என்னிடம் கேட்கவில்லை. அந்த உடம்பில் உள்ள ஒவ்வொரு தழும்பும் எனக்குத் தெரியும் என்று இருபத்தெட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் சைக்கிள், நெற்றியில் கதவு, இடது தோளில் அம்மை ஊசி மாதிரி பி.சி.ஜி. எல்லாவற்றுக்கும் நான் கூட இருந்தேன். இதற்கு மட்டும் இல்லை.

இதை அவளிடம் சொன்னேன், இரண்டாம் நாள் இரவு. அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜிம்மி செத்தப்ப எங்கிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

அந்தக் கால்தடம் ஜிம்மியுடையது. பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் இருந்த நாய். அவள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று, ஸ்டாம்ப் பேடில் அதன் காலை அமுக்கி நோட்டில் எடுத்து வைத்திருந்தாள். அது செத்தது அவள் புதுவேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம். தகுதிகாண் காலம், கேட்டால் லீவு போட்டு ஓடிவந்துவிடுவாள் என்று நானும் அவள் அப்பாவும் சொல்லாமல் இருந்தோம். போனில் கேட்கும்போதெல்லாம், "தூங்குது", "வெளிய போயிருக்கு" என்று ஐந்து வாரம் சமாளித்தோம். அவள் பொங்கலுக்கு வந்து, கேட்டைத் திறந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அன்றைக்கு அவள் அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கத்தவில்லை, எங்களைக் கேட்கவும் இல்லை. நல்லதற்குத்தானே செய்தோம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அப்பத்தாவும் எனக்கு நல்லதற்குத்தானே தேளைக் குத்தினாள்.

"ஒனக்கே தெரியாத எடத்துல போயி எதுக்குடி குத்துன? முதுகுல இருக்கிறது ஒன் கண்ணுக்கே படாதே" என்று மட்டும் கேட்டேன்.

"இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்றாள்.

தோலுக்கு அடியில் போன மையை உடம்பின் காவல் அணுக்கள் அந்நியப் பொருள் என்று விழுங்குகின்றன. விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. ஓர் அணு செத்தால் அது விட்ட மையை அடுத்தது எடுத்து வைத்துக்கொள்கிறது. என் தேள் ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஓரங்கள் மங்கி, கால்கள் ஒன்றோடொன்று கலந்து, இப்போது பார்க்கிறவர்கள் அதை நண்டு என்கிறார்கள். ஓய்வுபெற்ற பிறகு வாட்ச் கட்டுவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டேன், நேரம் பார்த்து எங்கும் போக வேண்டியதில்லை என்பதால். அதில் வேறு அர்த்தம் எதுவும் தேட வேண்டாம்.

மகளின் டாட்டூ எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நேர்த்தியாகத்தான் குத்தியிருக்கிறான், கோடு எங்கும் பிசகவில்லை, ஜிம்மியின் நடுவிரல் நகம் ஒன்று உடைந்திருந்ததைக்கூட விடவில்லை. இருந்தாலும் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு உண்டு, அழிக்கச் சொல்லும் உரிமை இல்லை என்ற அளவில் நாங்கள் இருவரும் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். அடுத்ததைக் குத்துவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுவாள். அனுமதி கேட்க இல்லை, தகவலுக்கு. வீட்டில் சாவு நடந்தால், நாயாக இருந்தாலும், அன்றைக்கே நாங்கள் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். இது அவள் போட்ட நிபந்தனை.

அவள் அப்பாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. இந்தப் பத்திரிகையை அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார்.